ரொக்கத்தை விட்டு மக்கள் எப்போது மாறுகிறார்கள், எப்போது மாறுவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணமில்லாப் பரிவர்த்தனையை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், பேமென்ட் செயலி வடிவமைப்பவர்கள், கடையில் க்யூஆர் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் என மூன்று தரப்பாரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். முதலில் அடிப்படைக் கேள்விகள், பிறகு கொஞ்சம் சிக்கலானவை. கடைசி நான்கும் சர்வே நடத்துபவர்களுக்கு.

1. கேஷ்லெஸ்னா ஆப்ல பணம் போடுறது மட்டும்தானா? கார்டு, செக் எல்லாம் சேராதா?

நோட்டும் நாணயமும் கைமாறாத எல்லாமே சேரும்: கார்டு, செக், வங்கிப் பரிமாற்றம், வாலட், மொபைல் பணம், மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தவணை. ஆனால் மக்கள் இதை ஏற்கிறார்களா என்று பார்க்கும்போது இவற்றை ஒரே பையில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். சம்பளம் வங்கியில் வருவது முதலாளியின் முடிவு. தானாகக் கழியும் தவணைக்கு ஒருமுறை முடிவெடுத்தால் போதும். கடையில் கார்டா ரொக்கமா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வாடகையை மொபைலில் அனுப்புகிறவரே பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறையைத் தேடுவார். அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அதனால் யார், யாருக்கு, எவ்வளவு, எந்த இடத்தில் கொடுக்கிறார் என்ற நான்கையும் சொல்லாமல் "இவர் மாறிவிட்டார்" என்று எழுதக் கூடாது.

2. ஒரே ஒரு காரணம் சொல்லணும்னா எதைச் சொல்வீங்க?

எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்வாரா என்பதைத்தான். மனப்பான்மை, நம்பிக்கை, வயது, படிப்பு எல்லாம் அதற்குப் பிறகு. பத்துக் கடைகளில் மூன்றில் மட்டும் செல்லுபடியாகும் முறைக்காக யாரும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். எப்படியும் பர்ஸில் ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்திருப்பதைக் கொடுத்துவிடுவதே சுலபம்.

ஆய்வுகளில் இந்தக் காரணம் பல சமயம் பின்னுக்குப் போய்விடும். கேள்வித்தாள் வாடிக்கையாளரின் மனத்தைத்தான் கேட்கிறது, அவர் போகும் கடைகளைக் கேட்பதில்லை. கேட்டது மனத்தை என்றால் கிடைக்கும் விடையும் மனத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

3. வசதியா இருக்குன்னு மாறுறாங்க, அவ்வளவுதானே? இதுல ஆராய என்ன இருக்கு?

வசதி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி அவற்றைப் பிரித்தது: இதனால் எனக்குப் பயன் உண்டா, இதைப் பயன்படுத்துவது எளிதா. அவருடைய தரவில் எளிமையைவிடப் பயனுக்கே பயன்பாட்டோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. கஷ்டமாக இருந்தாலும் பயன் இருந்தால் மக்கள் கற்றுக்கொள்வார்கள். பயனே இல்லையென்றால் எவ்வளவு எளிதாக இருந்தும் தொட மாட்டார்கள்.

கல்லாவின் முன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். போனைத் திறக்க வேண்டும், செயலியைத் திறக்க வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும், வரும் பெயர் சரியா என்று பார்க்க வேண்டும், தொகையை அடிக்க வேண்டும், பின் நம்பர் போட வேண்டும், பச்சை டிக் வரும் வரை காத்திருக்க வேண்டும், அதைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். எட்டு வேலை. க்யூஆர் அட்டையின் லேமினேஷனில் வெளிச்சம் பட்டுக் கேமரா திணறினால் ஒன்பது. தட்டினால் போதும் என்கிற கார்டுக்கு ஒன்றோ இரண்டோதான். சரியான தொகையைக் கையில் வைத்திருப்பவருக்கு ரொக்கமும் வேகம்தான். மீதிச் சில்லறை தேட வேண்டி வரும்போதுதான் அது தோற்கிறது. எனவே "வேகமானது" என்று பொதுவாக விளம்பரம் செய்வதைவிடச் சில்லறைத் தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் முதலில் அறிமுகம் செய்வது பலன் தரும்.

4. பயம்தான் தடைன்னா பாதுகாப்பைக் கூட்டிட்டே போகலாமே?

கூட்டலாம், ஆனால் 3இல் எண்ணிய எட்டு வேலை பத்தாகும். பிரிட்டனில் தட்டிக் கொடுக்கும் கார்டு 2007இல் வந்தபோது பின் இல்லாமல் ஒரு தடவைக்கு 10 பவுண்டுதான் கொடுக்க முடிந்தது. பிறகு படிப்படியாக உயர்த்தி 2021 அக்டோபரில் 100 பவுண்டு ஆக்கினார்கள். திருட்டுப் போனாலும் நஷ்டம் சிறியது என்று முதலில் உறுதி செய்துவிட்டு, நம்பிக்கை வளர வளர வரம்பைத் தளர்த்துவது நல்ல வழி. தொடக்கத்திலேயே எல்லாத் தொகைக்கும் இரண்டு பாஸ்வேர்டு கேட்டிருந்தால் சிறு செலவுக்கு யாரும் கார்டை நீட்டியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: பயத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. முன்பின் பயன்படுத்தாதவர் பயப்படுவது ஹேக்கருக்கு. பழகியவருக்குப் பெரும்பாலும் வரும் ஆபத்து, அவரையே ஏமாற்றிப் பின் நம்பர் போட வைப்பது. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையில்லை என்ற ஒரு வரியைச் செயலியில் சரியான இடத்தில் காட்டுவது, பாதுகாப்பைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவைப்பதைவிட மேல்.

5. பணம் கழிஞ்சிடுச்சு, கடைக்கு வரலை. ஒரு தடவை இப்படி ஆனா அப்புறம் யார் நம்புவா?

இந்தக் கேள்வி நியாயமானது, செயலி வடிவமைப்பவர்கள் பலர் இதற்குப் போதிய கவனம் கொடுப்பதில்லை. நடப்பது இதுதான்: கொடுப்பவரின் வங்கி தொகையைக் கழித்துவிடுகிறது, பெறுபவரின் வங்கியிலிருந்து பதில் உரிய நேரத்தில் வருவதில்லை. பரிவர்த்தனை வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, நிலுவை. பின்னால் வரிசை நிற்கிறது. பதற்றத்தில் இன்னொரு முறை போட்டால் இரண்டு தொகையும் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நேரத்தில் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, வேறு வழியில் கொடுத்துவிட்டு, நிலையைப் பிறகு பார்ப்பதே சரி.

வாடிக்கையாளர் தங்குவாரா என்பதைத் தோல்வியைவிட அதற்குப் பின் நடப்பதே தீர்மானிக்கிறது. பணம் எப்போது திரும்பும் என்று திரையிலேயே தெரிய வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2019இல் இதற்குக் கெடு வகுத்தது: யுபிஐயில் தனிநபருக்கு அனுப்பியது சேராவிட்டால் மறுநாளுக்குள், கடைக்குச் செலுத்தியது சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. விதி இருப்பது பாதி வேலை. வாடிக்கையாளருக்கு அது தெரிந்திருப்பது மீதிப் பாதி.

6. கடைக்காரர் ஏன் தயங்குறாரு? அவருக்கும் லாபம்தானே?

கார்டு என்றால் மெஷின் வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் போகும், பணம் அன்றே கைக்கு வராமலும் போகலாம். சிறு கடைக்காரருக்கு மாலையில் கையில் இருக்கும் பணம்தான் மறுநாள் காலைக் கொள்முதல். கணக்கில் வரவு பதிவாவதால் வரி பற்றிய கவலையும் உண்டு, அதை வெளியே சொல்ல மாட்டார்.

வாடிக்கையாளர், கடைக்காரர் என்ற இரு பக்கமும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் இப்படிப்பட்ட சந்தையைத்தான் பொருளாதாரத்தில் இருபக்கச் சந்தை என்கிறார்கள். ரோஷே, திரோல் இருவரும் 2003இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. எந்தப் பக்கத்திடம் கட்டணம் வாங்குவது, எந்தப் பக்கத்துக்கு இலவசமாகக் கொடுப்பது என்பதே இங்கே முதல் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகளுக்கு இடையிலான கார்டுக் கட்டணத்துக்கு டெபிட்டில் 0.2 சதவீதம், கிரெடிட்டில் 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. இந்தியாவில் 2020 ஜனவரியில் யுபிஐக்கு வணிகர் கட்டணம் நீக்கப்பட்டது. மெஷினுக்குப் பதில் அச்சிட்ட ஓர் அட்டை போதும். தெருவோரக் கடை வரை யுபிஐ போனதற்கு இதுவே பெரிய காரணம்.

அட்டையில் ஒரு குறையும் இருந்தது. வாடிக்கையாளர் திரையில் காட்டும் டிக் உண்மையா, பழைய ஸ்கிரீன்ஷாட்டா என்று கூட்ட நேரத்தில் கடைக்காரரால் பார்க்க முடியாது. பணம் வந்ததும் தொகையைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் அந்த இடத்தைத்தான் அடைத்தது. கல்லாவை விட்டு எழாமல், போனைத் தொடாமல் காதால் உறுதி செய்யலாம். பரபரப்பாக வியாபாரம் நடக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

7. அக்கம்பக்கத்தைப் பார்த்து மாறுறதுங்கிறது நிஜமா, சும்மா சொல்றதா?

நிஜம், ஆனால் "பார்த்து" மாறுவதைவிட "வாங்கி" மாறுவது அதிகம். கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்ற ஒரே வேலையைச் சொல்லித்தான் விளம்பரம் செய்தது. நகரத்தில் ஒருவர் அனுப்பினால் ஊரில் இன்னொருவர் பெற்றே ஆக வேண்டும், பெற்றவர் பயனாளராகிவிடுகிறார். சீனாவில் 2014 புத்தாண்டின்போது வீசாட் அரட்டைச் செயலி நடத்திய சிவப்பு உறைப் பரிசும் இதே தந்திரம்தான்: குழுவில் வந்து விழுந்த பணத்தை எடுக்க வங்கிக் கணக்கை இணைக்க வேண்டியிருந்தது. ஸ்வீடனில் ஆறு வங்கிகள் சேர்ந்து 2012இல் கொண்டுவந்த ஸ்விஷும் மொபைல் எண்ணை வைத்து நண்பர்களுக்கு அனுப்புவதில்தான் தொடங்கியது, கடைகள் பின்னால் வந்தன.

எம்-பெசாவில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. மூலைக்கு மூலை ஏஜென்ட் இருந்ததால் போனில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் நோட்டாக மாற்ற முடிந்தது. திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்ததால்தான் மக்கள் உள்ளே போனார்கள். ரொக்கத்தை ஒழிப்பதற்காக வாலட்டிலிருந்து பணம் எடுப்பதைக் கடினமாக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

8. கேஷ்பேக் நிறுத்தினா எல்லாரும் ஓடிடுவாங்கன்னு சொல்றாங்களே?

கேஷ்பேக் முதல் தடவையை வாங்கித் தரும், பத்தாவது தடவையைத் தராது. முதல் தடவைக்குத் தடையாக இருப்பது கணக்கை இணைப்பது, பின் அமைப்பது போன்ற ஒருமுறைத் தொந்தரவு. அதற்கு ஈடாக ஒரு தொகை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் பிறகு தொடர்வது பழக்கத்தையும் 2, 5 ஆகியவற்றில் சொன்னவற்றையும் பொறுத்தது.

செயலிகள் செய்யும் தவறு, ஒரே பெரிய தொகையைக் கொடுப்பது. அதற்காகவே வருபவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரே வகைச் செலவுக்கு, உதாரணமாக ரீசார்ஜுக்கோ பஸ்ஸுக்கோ, வாரம் ஒருமுறை சிறிதாகக் கொடுத்தால் பழக்கம் ஒட்ட இடமுண்டு.

9. நெருக்கடியில மாறினவங்க நிலைச்சு நிப்பாங்களா?

ஓரளவு நிற்பார்கள், அதற்குச் சூழல் மாறியிருக்க வேண்டும். இந்தியாவில் 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகள் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம். புதிய நோட்டு வந்ததும் ரொக்கம் திரும்பிவிட்டது, புழக்கம் முன்பைவிட உயர்ந்தது. ஆனாலும் அந்த மாதங்களில் மின்னணு வாலட்டை ஏற்கத் தொடங்கிய கடைகள் பின்னரும் அதிகமாகவே இருந்தன என்று தரவை அலசிய ஆய்வு காட்டியது. ஏற்கும் கடைகள் பல இருந்த வட்டாரங்களில் புதிய கடைகளும் தொடர்ந்து சேர்ந்தன. இதுவும் 2ஐத்தான் உறுதி செய்கிறது.

நோட்டுப் புழக்கத்தை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. மக்கள் கடையில் ரொக்கம் கொடுப்பது குறையும்போதே அலமாரியில் சேமிக்கும் ரொக்கம் கூடலாம். யூரோ நாடுகளில் நெடுநாள் நடந்தது அதுதான்.

10. போன்ல கொடுத்தா செலவு தெரியாம போயிடும்னு பயமா இருக்கு. இது மூடநம்பிக்கையா?

இல்லை. பிரெலெக், சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், கிடைப்பதற்கரிய கூடைப்பந்து டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்டதைப்போல் சுமார் இரு மடங்கு. பணம் கையை விட்டுப் போகும் வலி கார்டில் மட்டுப்படுகிறது. கிரெடிட் கார்டில் செலவுக்கும் கட்டுவதற்கும் இடையே நாட்களும் ஓடிவிடுவதால் இன்னும் மட்டுப்படும்.

அதனால் வருமானம் இறுக்கமாக உள்ளவர் ரொக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை அறியாமை என்று எழுதாதீர்கள். பர்ஸைத் திறந்தால் மீதி எவ்வளவு என்று உடனே தெரியும். அவருக்கு அது கணக்குப் புத்தகம். இவர்களைக் கவர நினைக்கும் செயலி, பணம் போன அதே திரையில் மீதி இருப்பையும் அந்த வாரச் செலவையும் காட்டட்டும். நான்கு பட்டன் தள்ளி ஒளித்துவைத்தால் பயனில்லை.

11. வயசானவங்க இதுக்கு வரவே மாட்டாங்கன்னு எழுதலாமா?

எழுத வேண்டாம். வயது என்று தெரிவது பல சமயம் வேறொன்று: சிறிய எழுத்து, ஓடிபி அடிப்பதற்குள் முடிந்துவிடும் நேரம், ரேகை தேய்ந்த விரல், சாதாரண பட்டன் போன், சந்தேகம் கேட்க ஆள் இல்லாமை. இவற்றைத் தனித்தனியாக அளந்த பிறகு வயதின் தாக்கம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் யுபிஐ 123பே 2022இல் வந்தது இதை ஒட்டித்தான்.

12. டாம், யூடாட், யூடாட் 2. எதை எடுத்தா கைடு ஒத்துக்குவாரு?

கைடுக்காக எடுக்காதீர்கள், கேள்விக்காக எடுங்கள். டாம் (TAM) என்பது 3இல் சொன்ன டேவிஸின் தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. புதிதாக வந்த முறை ஒன்றைப் பற்றிய சிறிய ஆய்வுக்குப் போதும். யூடாட் (UTAUT), வெங்கடேஷும் வேறு மூவரும் 2003இல் இதுபோன்ற எட்டு மாதிரிகளை ஒன்றாக்கிச் செய்தது. அது அலுவலக ஊழியர்களை மனத்தில் வைத்தது. 2012இல் வந்த யூடாட் 2 நுகர்வோருக்கானது; இன்பம், விலைக்கேற்ற பயன், பழக்கம் என்ற மூன்றைச் சேர்த்து, மற்றவற்றின் தாக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் காரணிகளில் "விருப்பப்பட்டா கட்டாயத்தாலா" என்பதை நீக்கியது. கட்டணமுறை ஆய்வுக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

உங்கள் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்றால் "பயன்படுத்துவேன்" என்ற எண்ணத்தை அளப்பதில் பொருளில்லை. தொடர்ந்து பயன்படுத்துவது பற்றி பட்டாச்சர்ஜி 2001இல் கொடுத்த மாதிரியை எடுங்கள்: எதிர்பார்த்தது கிடைத்ததா, திருப்தியா, தொடர்வாரா. எதை எடுத்தாலும் இவற்றில் இல்லாத இரண்டைச் சேருங்கள்: உணரும் ஆபத்து, வழக்கமாகப் போகும் கடைகளில் ஏற்பு.

13. 384 பேர் போதும்னு எல்லா ரிப்போர்ட்லயும் இருக்கே, அது எங்கிருந்து வந்துச்சு?

பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை 95 சதவீத நம்பகத்தோடு, கூடக்குறைய 5 சதவீதப் பிழைக்குள் சொல்ல வேண்டும் என்றால் 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.0025ஆல் வகுக்க வேண்டும், 384 வரும். கிரெஜ்சி, மார்கன் 1970இல் வெளியிட்ட அட்டவணை இந்தக் கணக்கில் பிறந்ததுதான். இது குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே பொருந்தும். வாட்ஸ்ஆப் குழுவில் கூகுள் ஃபார்ம் போட்டு 384 பேரைச் சேர்த்தால் அந்தப் பிழை அளவுக்குப் பொருளே இல்லை. ஃபார்ம் நிரப்பத் தெரிந்தவர்கள்தானே உள்ளே வந்திருக்கிறார்கள்? நேரில் கடைவாசலில், வெவ்வேறு நேரத்தில், ரொக்கம் கொடுத்துவிட்டு வருபவரையும் நிறுத்திக் கேட்ட 200 பேர் அதைவிடத் தேவலாம்.

14. ஆல்பா 0.96 வந்திருக்கு. சந்தோஷப்படலாம்தானே?

ஒரே விஷயத்தை அளக்கும் கேள்விகளுக்கு வரும் விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண்தான் (கிரோன்பாக்) ஆல்பா. 0.7க்கு மேல் இருந்தால் சரி என்பது வழக்கம். 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி நான்கு முறை கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். (டேவிஸின் பயன் அளவுகோலே 0.98 என்பதையும் மறைக்க வேண்டாம்.) "வேகமாகவும் பாதுகாப்பாகவும் இருக்கிறது" என்று ஒரே வரியில் இரண்டைக் கேட்டிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்.

பெரிய சிக்கல் வேறு: காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே ஐந்து புள்ளி அளவில் கேட்டால் எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்பு காட்டும். "மிகவும் ஒப்புக்கொள்கிறேன்" என்று வரிசையாக டிக் அடிப்பவரின் கைவேகமும் அதில் கலந்திருக்கும். எதிர்மறைக் கேள்வி ஒன்றிரண்டை நடுவே வையுங்கள். பயன்பாட்டை வேறு வழியில் அளங்கள்.

15. எல்லாரும் பயன்படுத்துவேன்னு டிக் அடிக்கிறாங்க, கடையில போய் நின்னா நோட்டுதான் நீட்டுறாங்க. எதை நம்புறது?

கடையை நம்புங்கள். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைவெளி இருப்பது பழைய செய்தி. இதைத் தாண்ட நல்ல கருவி கட்டண நாட்குறிப்பு. அமெரிக்க மத்திய வங்கி அமைப்பு நடத்தும் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் அக்டோபரில் மூன்று நாள் செய்த எல்லாச் செலவையும் குறிக்கிறார்கள்.

நீங்களும் செய்யலாம். ஒரு செலவுக்கு ஒரு வரி: நேரம், தொகை, எந்த வகைக் கடை, எப்படிக் கொடுத்தார், வேறு எப்படிக் கொடுக்க அங்கே வழி இருந்தது, கையில் அப்போது ரொக்கம் இருந்ததா. கடைசி இரண்டு கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். வேறு வழியே இல்லாததால் ரொக்கம் கொடுத்தவரையும், வழி இருந்தும் ரொக்கத்தைத் தேர்ந்தவரையும் அவைதான் பிரித்துக் காட்டும். ரொக்கமே வாங்காத இடங்களில் செய்த செலவுகளைத் தனியே குறித்து, தேர்வு பற்றிய கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். நினைவிலிருந்து எழுதச் சொன்னால் சிறு செலவுகள்தான் முதலில் விடுபடும், ரொக்கம் அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்; அன்றன்றைக்கு இரவு ஒரு நினைவூட்டல் அனுப்பி வாங்கிவிடுங்கள்.